டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு: எந்தக் கோளாறுக்கு எதைத் தொடுவது

மொட்டை மாடியில் நின்ற டிஷ்ஷைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டு மூன்று சீசன் ஓடிவிட்டது. முக்கியமான காரணம் மழை. ஆகஸ்டில் தொடங்கும் இங்கிலீஷ் பிரீமியர் லீக் அக்டோபரில் சூடு பிடிக்கும்; சரியாக அப்போதுதான் சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் டிடிஎச் வருவது கேயூ பேண்ட் என்ற அலைவரிசையில். கனமழை என்றால் அந்த அலை வழியிலேயே கரைந்துவிடும். கார்னர் எடுக்கப் போகிறவர் பந்தை வைத்துவிட்டு நிமிர்வார், திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். இன்னொரு காரணமும் உண்டு. சனிக்கிழமை ஒரே நேரத்தில் நாலைந்து ஆட்டம் நடக்கும். சானலில் எதைப் போடுகிறார்களோ அதைத்தான் பார்க்க வேண்டும். ஆப்பில் நமக்கு வேண்டிய அணியைத் தட்டிக்கொள்ளலாம்.

சரி, மாறியாச்சு. தொல்லை விட்டதா என்றால் இல்லை. டிஷ் காலத்தில் படம் நின்றால் இரண்டே சந்தேகம்தான்: மழையா, ரீசார்ஜ் முடிந்துவிட்டதா. இப்போது ஒரு ஆட்டம் நம் ஹாலுக்கு வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது. ஆப் கம்பெனியின் சர்வர், நெட் கம்பெனியின் லைன், வீட்டு ரவுட்டர், வைஃபை, டிவியில் சொருகிய ஸ்டிக் (ஆப் ஓட்டும் குட்டிக் கருவி), அதற்குள் இருக்கும் ஆப். எந்தக் கையில் சிக்கியது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்து அணைத்துப் போடுவதிலேயே முதல் பாதி போய்விடும்.

அதனால் நான் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். ஆட்டம் ஓடும்போது அரை நிமிடத்தில் முடிகிற வேலையை மட்டும் செய்வது. கொஞ்சம் பெரிய வேலை என்றால் பதினைந்து நிமிட இடைவேளையில். அதையும் தாண்டினால் மறுநாள். ரவுட்டரை அணைத்துப் போட்டால் திரும்ப நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல் போட்டது 97 வினாடிக்குள். 80ஆவது நிமிடத்தில் ரவுட்டர் பொத்தானில் கை வைத்தவர் வீட்டில் படம் திரும்பி வந்தபோது அர்ஜென்டினாவின் 2-0 காணாமல் போய் 2-2 நின்றிருக்கும்.

எதையும் தொடும் முன் ஒரு சோதனை

கையில் இருக்கும் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே ஆப்பில் அதே ஆட்டத்தைப் போடுங்கள். உங்கள் பிளான் ஒரே திரைக்கானது என்றால் முதலில் டிவியில் ஆப்பை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஒரு பிழைச் செய்தி வந்து குழப்பும்.

போனிலும் படம் நின்று வட்டம் சுற்றுகிறதா? சிக்கல் பெரும்பாலும் ஆப் கம்பெனி பக்கம். உங்கள் வீட்டில் சரிசெய்ய ஒன்றுமில்லை. ரவுட்டரைத் தொடாதீர்கள், டீ போடுங்கள். பெரிய ஆட்டம் தொடங்கும் நிமிடத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால் இப்படி ஆகும். ஐந்து பத்து நிமிடத்தில் தானாக அடங்குவதுதான் வழக்கம். அடுத்த முறை அரை மணி நேரம் முன்னாலேயே ஆப்பைத் திறந்து உள்ளே போய்விடுங்கள்.

டேட்டாவில் ஓடுகிறது, அதே போனை வைஃபைக்கு மாற்றினால் சுற்றுகிறது என்றால் லைன் அல்லது ரவுட்டர். வைஃபையிலும் போனில் நன்றாக ஓடி, டிவியில் மட்டும் தகராறு என்றால் டிவி, ஸ்டிக், அல்லது அந்த மூலைக்கு வைஃபை போய்ச் சேரவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.

படம் நின்று வட்டம் சுற்றுகிறது

நூறு புகாரில் பெரும்பங்கு இதுதான், கூடவே ஒரு கேள்வியும் வரும்: "சினிமா போட்டா நல்லா ஓடுது, மேட்ச் போட்டா மட்டும் ஏன் சுத்துது?" கேள்வி நியாயமானது. சினிமா ஏற்கெனவே எடுத்து முடித்தது. ஆப் அதில் ஒன்றிரண்டு நிமிடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் நெட் கொஞ்சம் தடுமாறினாலும் சேமிப்பிலிருந்து ஓட்டிவிடும். நேரலையில் அது முடியாது. இன்னும் அடிக்காத கோலை யார் இறக்கி வைப்பது? கையிருப்பு சில வினாடிகள்தான். அதனால் சினிமாவில் கண்ணுக்கே தெரியாத தடுமாற்றம் மேட்சில் வட்டமாக வந்து நிற்கும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வேகம் எவ்வளவு அதிகம் என்பதைவிட வேகம் நிலையாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். எச்டியில் ஒரு ஆட்டம் பார்க்க 6 முதல் 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற நெட் வேகம்) விட்டுவிடாமல் வந்தால் போதும். 100 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவர் வீட்டில் சுற்றுவதும், 40 எம்பிபிஎஸ் வீட்டில் ஓடுவதும் அதனால்தான். வட்டம் சுற்றியதும் பிளானை உயர்த்துவது காய்ச்சலுக்குச் செருப்பு மாற்றுவது போல. அந்தத் தவறை நானும் செய்தேன்.

எங்கள் வீட்டில் லைன் போட வந்த பையன், பிளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கிறதே என்று ரவுட்டரைப் படுக்கையறை இரும்பு பீரோ மேல் வைத்துவிட்டுப் போனான். டிவி ஹாலில், சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு மாதம் சுற்றியது. பிளானை 100இலிருந்து 200க்கு ஏற்றினேன், அப்போதும் சுற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வேகம் பார்த்தபடியே வீட்டுக்குள் நடந்தேன். பீரோ பக்கத்தில் பளிச்சென்று நூற்றுக்கு மேல்; டிவிக்கு முன்னால் ஒற்றை இலக்கம். பீரோவின் இரும்பு முதுகுதான் நடுவில் நின்றது. ரவுட்டரை இறக்கி, ஹால் வாசற்படிக்கு மேல் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டேன். அன்று ராத்திரி ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. காலண்டர் இப்போது சமையலறையில் இருக்கிறது.

ஆக, முதலில் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, டிவியின் பின்பக்கம், இவை எல்லாம் ஆகாத இடங்கள். ஆளுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், முடிந்தவரை டிவிக்கு நேர்ப் பார்வையில் வையுங்கள்.

அடுத்தது அலைவரிசை. ரவுட்டரில் பெரும்பாலும் இரண்டு பெயர் வரும், ஒன்றின் வாலில் '5ஜி' என்று ஒட்டியிருக்கும். அது போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், பதினைந்து இருபது பெயர் வரும். அத்தனை பேரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைப் பக்கம்தான் வேலை செய்கிறது. இடைவேளையில் பாப்கார்ன் சுட வைத்தால் வட்டம் சுற்றுவது தற்செயல் இல்லை. டிவியும் ரவுட்டரும் ஒரே அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அரை நிமிட வேலை. இரண்டு மூன்று சுவர் தாண்ட வேண்டும் என்றால் 2.4தான் போய்ச் சேரும், 5 பாதியிலேயே செத்துவிடும்.

இத்தனையும் பார்த்துவிட்டேன் என்பவர்களுக்கு என்னுடைய ஒரே பரிந்துரை லேன் வயர். ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு கேட்-6 வயர் இழுத்துச் சொருகுங்கள். சுவர் ஓரமாகக் கிளிப் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நிறைய டிவிகளில் அந்தத் துளையின் உச்ச வேகம் 100 எம்பிபிஎஸ்தான், பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆட்டத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஸ்டிக்குகளுக்கு லேன் அடாப்டர் தனியாக விற்கிறது. வயர் சொருகும்போது 'க்ளிக்' என்று கேட்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்த வயரை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினால், யாராவது திரைச்சீலையை இழுக்கும்போது கழன்று, வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

வயர் போட்ட பிறகும் சுற்றினால் வீட்டுக்குள் வேறு யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். படம் இறக்குகிறவரைவிட ஏற்றுகிறவர்தான் ஆபத்து. ஊர்க் கல்யாணத்துக்குப் போய்வந்த போன் ஒன்று, சார்ஜில் போட்டதும் ஆயிரம் போட்டோவைப் பேக்கப் எடுக்கத் தொடங்கும். ஏற்றும் பாதை நிரம்பினால் இறக்கும் பாதையும் திணறும்.

அதுவும் இல்லை, ராத்திரி எட்டரைக்கு மேல் மட்டும் சுற்றுகிறது, காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் தெரு முழுக்க ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கே வேகம் பாருங்கள். ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான ஸ்பீட் டெஸ்ட் பல நேரம் உங்கள் நெட் கம்பெனியின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சர்வரோடு பேசும். தெருமுனை வரை ரோடு நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காமிலும் ஒரு தடவை பாருங்கள். முதலாவதில் 100, இரண்டாவதில் 9 என்று வந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

புகார் கொடுத்தால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார்கள். பண்ணியாச்சு என்று சொல்லிவிட்டு, ஆள் வந்தால் "லைன்ல டிபி எவ்வளவு வருது?" என்று கேளுங்கள். ஃபைபரில் வரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறது, எங்கோ ஒட்டு சரியில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பிறகு வருகிறவரின் பேச்சு மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், ஒளியே வரவில்லை. ஆளைக் கூப்பிடும் முன் பெட்டியில் சொருகியிருக்கும் மெல்லிய வயரை முழுக்கக் கண்ணால் தடவிப் பாருங்கள். உள்ளே இருப்பது செம்பு இல்லை, கண்ணாடி இழை. பெருக்கும்போது நகர்த்திய சோபா காலோ ஃபிரிட்ஜோ அதை மடித்து நசுக்கியிருக்கும். மடிப்பை எடுத்துவிட்டதும் சிவப்பு அணைந்தால் அதிர்ஷ்டம்.

சுற்றவில்லை, ஆனால் மங்கலாக இருக்கிறது

ஜெர்ஸி எண் தெரியவில்லை, புல் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. நெட் குறையும்போது நிறுத்துவதற்குப் பதில் ஆப் தரத்தைக் குறைத்து ஓட்டுகிறது. ஆட்டம் தொடங்கிய முதல் அரை நிமிடம் மட்டும் மங்கல் என்றால் அது இயல்பு, விட்டுவிடுங்கள்.

எப்போதுமே மங்கல் என்றால் ஆப்பின் பிளேயரில் பல் சக்கரத்தைத் தட்டித் தரம் 'டேட்டா சேவர்' என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே எச்டியே காட்டவில்லை என்றால் உங்கள் பிளானைப் பாருங்கள், மலிவான பிளான்களில் தரத்துக்கு வரம்பு இருக்கும். மொபைல் பிளான் டிவியில் ஓடவே ஓடாது. பெட்டிக்கடைகளில் கிடைக்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளில் இன்னொரு சிக்கல். வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டின் முதல் நிலைச் சான்று இல்லாத கருவிக்கு எச்டி தர மாட்டார்கள். பெட்டியின் மேல் '4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் வருவது பழைய தூர்தர்ஷன் தரம்தான். அதற்கு மருந்து கிடையாது, வேறு ஸ்டிக் வாங்குங்கள்.

பந்துக்கு வால் முளைக்கிறது, கேமரா திரும்பினால் திக்கித் திக்கிப் போகிறது

இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றாகப் பேசுவதால்தான் யாருக்கும் தீர்வதில்லை.

நீளமாக அடித்த பந்துக்குப் பின்னால் நிழல் மாதிரி வால் வந்தாலோ ஆட்டக்காரரின் காலைச் சுற்றிப் புல் நெளிந்தாலோ குற்றவாளி டிவி. இரண்டு சட்டகத்துக்கு (ஃப்ரேம்) நடுவில் தானாக ஒன்றைக் கற்பனை செய்து நுழைக்கும் வசதி அது. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். அணைத்துவிடுங்கள், அல்லது மிகக் குறைவாக வையுங்கள். அப்படியே 'ஸ்போர்ட்ஸ்' படமுறையையும் விட்டுவிடலாம். அதில் புல் ஒளிரும், ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும். கடையில் டிவி விற்பதற்காக வைத்த முறை என்பது என் எண்ணம்.

திக்கித் திக்கிப் போவது கணக்குப் பிரச்சினை. ஐரோப்பாவில் ஆட்டத்தை வினாடிக்கு 50 சட்டகமாக எடுக்கிறார்கள். ஸ்டிக் டிவிக்கு வினாடிக்கு 60 என்று அனுப்பிக்கொண்டிருக்கும். 50ஐ 60 ஆக்க ஒவ்வொரு ஐந்தாவது சட்டகத்தையும் இரண்டு தடவை காட்ட வேண்டியிருக்கிறது, வினாடிக்குப் பத்து இடறல். கேமரா ஒரு கோலிலிருந்து மறு கோலுக்குத் திரும்பும்போது கண் அதைப் பிடித்துவிடும். ஸ்டிக்கின் டிஸ்ப்ளே அமைப்பில் 'மேட்ச் ஃப்ரேம் ரேட்' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், ஆன் செய்யுங்கள். ஆப் அதை மதிக்கவில்லை என்றால் ரெசல்யூஷனைக் கையாலேயே 1080பி 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள். நான் சீசன் முழுக்க 50இலேயே வைத்திருக்கிறேன்.

கீழ் வீட்டில் முதலில் கத்துகிறார்கள்

இதுதான் என்னை அதிகம் நோகடித்தது. கீழ் வீட்டு அண்ணன் இன்னும் டிஷ் வைத்திருக்கிறார். என் திரையில் பந்து நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கும்போதே கீழே நாற்காலி இழுபடும், "போட்டான்டா!" என்று கேட்கும். அப்புறம் என் திரையில் அந்தத் தாக்குதல் தொடங்கும். முடிவு தெரிந்த கதையைப் பார்க்கும் வேதனை.

இது கோளாறே இல்லை என்று தெரியாமல் இதற்காக ரவுட்டர் மாற்றியவர்கள் உண்டு. டிஷ்ஷுக்கு வரும் அலை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்குப் போய் இறங்கி வருகிறது. போகவர 72,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் அதற்குக் கால் வினாடிதான்; பதிவைச் சுருக்கி அனுப்பும் வேலையில் இன்னும் சில வினாடி போகும், அவ்வளவே. ஸ்ட்ரீமிங்கில் தூரம் பொருட்டே இல்லை, நறுக்குவதில்தான் நேரம் போகிறது. ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள். பரவலாகப் புழங்கும் எச்எல்எஸ் முறையில் ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டின் நீளம் 6 வினாடி. பிளேயர் வழக்கமாக மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகுதான் ஓட்டத் தொடங்கும், அங்கேயே 18 வினாடி போச்சு. சுருக்குவது, ஊர் ஊராக சர்வர்களில் பரப்புவது எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம்.

உங்கள் கையில் இருப்பது அந்த அரை நிமிடம் ஒன்றரை நிமிடமாக வளராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். ஒவ்வொரு முறை வட்டம் சுற்றி மீளும்போதும் பல பிளேயர்கள் விட்ட இடத்திலிருந்தே ஓட்டும். நான்கு தடவை சுற்றினால் நான்கு தடவைக்கும் சேர்த்துப் பின்தங்கியிருப்பீர்கள். பிளேயரின் மூலையில் 'லைவ்' என்ற எழுத்து சிவப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தால் அதைத் தட்டுங்கள், முன்னால் தாவும். அது இல்லாத ஆப்பில் வெளியே வந்து திரும்ப நுழையுங்கள். ஆட்டம் நிற்கும் நேரத்தில், த்ரோ-இன்னுக்கோ காயத்துக்கோ, இதைச் செய்தால் இழப்பில்லை. போனில் ஸ்கோர் ஆப்களின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள், ஃபுட்பால் வாட்ஸ்ஆப் குழுவை ஆட்டம் முடியும் வரை மியூட்டில் போடுங்கள். கீழ் வீட்டு அண்ணனுக்கு மியூட் கிடையாது. பெரிய ஆட்டம் என்றால் நான் கீழே இறங்கிப் போய் அவரோடு பார்த்துவிடுகிறேன். முறுக்கும் கிடைக்கும்.

இந்தத் தாமதம் பிடிக்கவில்லை என்று டெலிகிராமில் வரும் இலவச லிங்குகளுக்குப் போகாதீர்கள். அவர்களே இந்த ஸ்ட்ரீமைத்தான் பிடித்துத் திரும்ப அனுப்புகிறார்கள், தாமதம் இரட்டிப்பாகும். தட்டும் இடமெல்லாம் சூதாட்ட விளம்பரம் வேறு.

சத்தம் வருகிறது, படம் கறுப்பு

மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டர் வைத்து இறுதி ஆட்டம் போடும்போதுதான் இது வரும், அதுவும் இருபது பேர் உட்கார்ந்த பிறகு. காரணம் எச்டிசிபி என்ற காப்புப் பூட்டு. போன் திரையை அப்படியே டிவிக்கு மிரர் செய்தாலும், நடுவில் மலிவான எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் இருந்தாலும், இதைப் புரிந்துகொள்ளாத பழைய புரொஜெக்டராக இருந்தாலும் ஆப் படத்தை மறைத்துவிடும். நடுவில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ஸ்டிக்கை நேராகப் புரொஜெக்டரில் சொருகுங்கள். லேப்டாப் என்றால் பிரவுசரில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' அமைப்பை மாற்றி, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். முதல் நாள் மாலையே ஒத்திகை பார்த்துவிடுவது மானத்தைக் காக்கும்.

கூட்டத்தின் இரைச்சல் காது கிழிகிறது, வர்ணனை கேட்கவில்லை

ஒலி பல ஸ்பீக்கருக்கான 5.1 முறையில் வருகிறது. அதில் வர்ணனைக்கு நடு ஸ்பீக்கர் என்று தனி இடம். உங்கள் டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் சரவுண்டை அணைத்து 'ஸ்டீரியோ' அல்லது 'பிசிஎம்' வையுங்கள். பந்தை உதைத்துக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது என்றால் புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வயரில் கொடுங்கள்.

ஸ்டிக் நடுவில் தானாக அணைந்து எழுகிறது

பின்னால் போய்ப் பாருங்கள், அநேகமாக டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். சாதாரண யூஎஸ்பி துளை தருவது அரை ஆம்பியர். கூட வந்த அடாப்டர் தருவது ஒரு ஆம்பியர். மெனுவில் உலாவும்வரை தாங்கும், ஒரு மணி நேரம் ஆட்டம் ஓட்டினால் மூச்சு வாங்கும். சுவரில் அடாப்டரோடு சொருகுங்கள். பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பும் இருந்திருக்கும், தேடி எடுத்துப் போடுங்கள். ஸ்டிக் டிவியின் சூட்டை விட்டு விலகி நிற்கும், வைஃபையும் கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும். ஆறேழு வருடத்து ஸ்மார்ட் டிவியில் ஆப் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது என்றால் புது டிவி வேண்டாம், ஒரு ஸ்டிக் போதும்.

ஆட்டமே ஆப்பில் இல்லை

பாதி நேரம் இது ஆப் மாறிப்போன குழப்பம். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. பழைய டிவிகளில் பழைய சின்னம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தட்டிப் பயனில்லை. 2025-26 சீசன் நிலவரப்படி பிரீமியர் லீக் ஜியோஹாட்ஸ்டாரில், சாம்பியன்ஸ் லீக் சோனி லிவ்வில், லா லிகா ஃபேன்கோடில். ஒரே டிஷ்ஷில் எல்லாம் வந்த காலம் போய்விட்டது. மூன்றையும் வாங்கினால் டிஷ் கட்டணத்தைத் தாண்டலாம். வருடம் முழுக்க எல்லாம் பார்க்கிறவர்கள் குறைவு. உங்கள் அணி எதில் ஆடுகிறதோ அதை மட்டும் வாங்குங்கள்.

மீதிப் பாதி நேரக் குழப்பம். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அங்கே சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்குச் செப்டம்பரில் இரவு 7.30, டிசம்பரில் 8.30. சாம்பியன்ஸ் லீக்கின் முக்கிய ஆட்டங்கள் நம் கணக்கில் நள்ளிரவு 12.30 அல்லது 1.30. செவ்வாய்க்கிழமை ஆட்டம் என்றால் நம் காலண்டரில் புதன். ஆப்பில் செவ்வாய்ப் பக்கத்தில் தேடிவிட்டு இல்லை என்று தூங்கிப்போனவர் எங்கள் வீட்டிலேயே உண்டு. பெயர் வேண்டாம், அப்பா படிப்பார்.

'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வந்தால் நாம் இருக்கும் ஊரை மாற்றிக் காட்டும் விபிஎன் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். ஆபீஸ் வேலைக்குப் போட்டதை அணைக்க மறந்திருப்பீர்கள்.

கரண்ட் போனால்

டிவி இன்வெர்ட்டரில் இருக்கும், ஃபைபர் பெட்டி இருக்காது. டிஷ் காலத்துப் பழக்கத்தில் அந்த மூலைக்கு யாரும் இன்வெர்ட்டர் லைன் கொடுத்திருக்க மாட்டார்கள். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறது. வாங்கும்போது உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். உண்மையான ஃபைபர் இணைப்பு என்றால் உங்கள் வீட்டுக்கும் அவர்கள் மையத்துக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி இருக்காது, தெருவே இருண்டாலும் நெட் வரும். கேபிள்காரர் பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில் ஸ்விட்ச் பெட்டி வைத்து லேன் வயர் இழுத்துக் கொடுத்த நெட் என்றால் அந்தப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் யூபிஎஸ் மட்டும் போதாது.

அப்படிப்பட்டவர்களுக்குக் கடைசி வழி போன் ஹாட்ஸ்பாட். இதற்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். 6 எம்பிபிஎஸ் எச்டியில் இரண்டு மணி நேரத்துக்கு 5.4 ஜிபி ஆகும். தினம் 1.5 ஜிபி பிளானில் சரியாக 33 நிமிடம் வரும், இடைவேளைகூட எட்டாது. தரத்தை 480பிக்கு இறக்கிவிட்டால், ஒன்றரை எம்பிபிஎஸ் கணக்கில், அதே 1.5 ஜிபி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஜெர்ஸி எண் தெரியாது, பந்து தெரியும். ஹாட்ஸ்பாட் பெயரையும் பாஸ்வேர்டையும் டிவியில் இப்போதே ஒரு தடவை போட்டு இணைத்து வைத்துவிடுங்கள். இருட்டில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவதற்குள் கூடுதல் நேரமும் முடிந்துவிடும்.